காவிப் புடவையும் கேட்டி டிரெயிலும்

அமெரிக்காவில் மிசௌரி ஆற்றின் வடகரையை ஒட்டி 1890களில் போட்ட ரயில் தடம் அது. மிசௌரி–கான்சாஸ்–டெக்சஸ் கம்பெனியுடையது, ஜனங்கள் செல்லமாக ‘கேட்டி’ என்பார்கள். 1986 அக்டோபரில் ஆறு கரைபுரண்டு, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஏற்கெனவே வருமானம் குறைந்திருந்த தடம் என்பதால் கம்பெனி செப்பனிடவில்லை. அத்தோடு ரயில் நின்றுபோனது.

ரயில் நின்ற தடத்தை நடைபாதையாக்கிப் பாதுகாக்கலாம், நாளைக்குத் தேவைப்பட்டால் மறுபடி ரயில் விடலாம் என்று 1983ல் அமெரிக்காவில் ஒரு சட்டத்திருத்தம் வந்திருந்தது. அந்த வழியில் இந்தத் தடத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. டெட் ஜோன்ஸ், பாட் ஜோன்ஸ் தம்பதி 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 1990ல் முதல் பகுதி திறந்தது, 1993 வெள்ளம் மறுபடி அடித்துக்கொண்டு போனது, மறுபடி போட்டார்கள். இன்று ‘கேட்டி டிரெயில்’ என்ற பெயரில் கிளின்டனிலிருந்து மேச்சன்ஸ் வரை சுமார் 386 கிலோமீட்டர். தண்டவாளம் இருந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் பொடி கொட்டி இறுக்கியிருக்கிறார்கள்.

நாங்கள் நடந்தது அதன் கிழக்குப் பகுதியில் ஒரு துண்டு. மார்த்தாஸ்வில் ஊரிலிருந்து செயின்ட் சார்ல்ஸ் வரை, ஏறக்குறைய 61 கிலோமீட்டர். கடைசியில் புனித ரோஸ் பிலிப்பின் டுஷேன் என்ற கன்னியாஸ்திரியின் கல்லறை. இதை யாத்திரை வழி என்று யாரும் அறிவித்ததில்லை. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் சைக்கிள்காரர்கள்.

அம்மாவால்தான் இது நடந்தது. தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் கடைசியில் நடந்து போகிற கூட்டத்தில் அம்மா பல வருஷமாக ஒரு ஆள். திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவார்கள். இந்த வருஷம் விசாவில் எங்களோடு செயின்ட் லூயிஸ் பக்கம் வந்து உட்கார்ந்திருந்ததால் அது தவறிப்போனது. ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றத்தை யூடியூபில் பார்த்துவிட்டு எழுந்து போனவள், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நேர்ச்சை ஒன்று பாக்கி இருக்கிறது என்று பிறகு சொன்னாள். என்ன நேர்ச்சை என்று கேட்டால் பதில் வராது. நிறைவேறும் வரை வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் கட்சி.

“இங்க நடக்கிற மாதிரி கோயில் எதுவும் இல்லையா?”

அப்படித்தான் இவர், என் வீட்டுக்காரர், கேட்டி டிரெயில் வரைபடத்தை எடுத்தார். அம்மாவின் மூட்டுதான் எனக்குப் பயம். இவர் சொன்னது சரியாக இருந்தது: சரக்கு ரயில் ஏற்றம் ஏறாது. நூறு அடி போனால் ஓரிரண்டு அடிக்கு மேல் உயராதபடி மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும்தான் தடம் போட்டிருப்பார்கள். வயசானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. இவ்வளவு சமமான பாதையில் ஒரே மாதிரி அடி வைப்பதால் பாதம் வேறு விதமாக வலிக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அக்டோபர், ஜெபமாலை மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை சேர்ந்து வந்த ஒரு வியாழக்கிழமை காலை மார்த்தாஸ்வில்லில் காரை விட்டு இறங்கினோம். அம்மா வேளாங்கண்ணிக்கென்றே வைத்திருக்கும் காவிப் புடவையைக் கட்டி, மேலே என் பழைய ஜெர்கின், காலில் பேத்தியின் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, “என்னடி இது, ஈ காக்கா இல்ல” என்றாள்.

உண்மைதான். வேளாங்கண்ணிப் பாதையில் மாதா சப்பரம் முன்னால் போகும், மைக் செட் பாடும், ஊருக்கு ஊர் பந்தல் போட்டு மோரும் சோறும் கொடுப்பார்கள். களைத்து உட்கார்ந்தால் பக்கத்தில் நடக்கிறவர் “மரியே வாழ்க” என்று கத்தி எழுப்பிவிடுவார். கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். இங்கே ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் அறுவடை ஆகிற சோளக்காடும் சோயாக்காடும். நடுவில் நாங்கள் மட்டும். எல்லா நிறுத்தங்களிலும் தண்ணீர் கிடைக்காது, ஆகவே சுமந்துகொண்டு போகவேண்டும். பாதையோரம் கூடாரம் போட்டுப் படுக்கவும் விடமாட்டார்கள்; ஊர்களில் அறை எடுத்துத்தான் தங்க வேண்டும். சூரியன் சாய்ந்தால் பாதை மூடல்.

மைலுக்கு ஒரு கட்டை நட்டிருக்கிறார்கள், பழைய ரயில்வே கணக்குப்படி. மார்த்தாஸ்வில் 77, செயின்ட் சார்ல்ஸ் 39. எண் குறைந்துகொண்டே வருவது சின்னவனுக்குப் பிடித்துப்போயிற்று. மகள் ஒரு யோசனை சொன்னாள்: ஒவ்வொரு கட்டைக்கும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி. ஐந்து மைலில் ஒரு ஜெபமாலை முடிந்துவிடும். அம்மா மைலுக்கு மேல் ஜெபிக்கிற ஆள் என்பதால் நடுவில் கருணை ஜெபமாலையும் சேர்ந்துகொண்டது.

டட்சோ என்ற ஊர் 1832ல் ஜெர்மானியர்கள் வந்து குடியேறியது. அங்கே புனித வின்சென்ட் தே பவுல் கோயில் இருக்கிறது. கதவருகே முழங்காலில் நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வியாழன் என்பதால் ஜெபமாலையில் தியானிக்க வேண்டியது ஒளியின் மறையுண்மைகள். இரண்டாவது, இயேசு தண்ணீரைத் திராட்சை மதுவாக்கிய கானாவூர் கலியாணம். அகஸ்டாவை நெருங்க நெருங்கக் குன்றுச் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். அமெரிக்க அரசு முதன்முதலில் திராட்சை மதுப் பிரதேசம் என்று அங்கீகரித்தது இந்த ஊர் வட்டாரத்தைத்தான், 1980ல். “ஆண்டவர் இங்கயே செஞ்சிருக்கலாம்” என்றான் சின்னவன். அம்மா முறைத்தாள், பிறகு அவளே சிரித்துவிட்டாள். அகஸ்டா ஒரு காலத்தில் ஆற்றுத்துறை. 1872 வெள்ளத்தில் ஆறு தடம் மாறி ஒதுங்கிப் போக, துறை வறண்டு நின்றது. இந்த ஆறு ஊரையும் கெடுத்திருக்கிறது, ரயிலையும் கெடுத்திருக்கிறது. இந்தப் பாதை எங்களுக்குக் கிடைத்ததும் அதனால்தான்.

அன்று ராத்திரி அறையில் அம்மாவின் புடவைக் கரையைப் பார்த்தேன். சுண்ணாம்புப் பொடி ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு வெளுத்திருந்தது. தட்டினால் போகவில்லை, ஈரத்துணியால் துடைத்தால் சாந்து மாதிரி இழுபட்டது. “விடு, போற இடத்துல தெரியட்டும்” என்றாள்.

மறுநாள் ஒரு சைக்கிள்காரர் நின்றார். எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்காக நிதி திரட்டுகிறீர்கள் என்று கேட்டார். இங்கே கூட்டமாக யாராவது நடந்தால் அதுதான் அர்த்தம். என்ன கேட்கிறான் என்றாள் அம்மா. சொன்னேன். “நேர்ச்சைன்னு சொல்லு.” நான் விழித்துக்கொண்டு நிற்கும்போது மகள் முந்திக்கொண்டாள்: பாட்டி மாதாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார், அதற்காக நடக்கிறோம் என்று. அவர் ஒரு நொடி யோசித்து, நல்லது என்று சொல்லி மிதித்துப் போய்விட்டார்.

டிஃபயன்ஸ் ஊர்ப் பக்கம், பழைய எல்லைப்புற முன்னோடி டேனியல் பூன் வீடு என்று பலகை உண்டு. பாதையை விட்டு விலகிப் போகவேண்டும், நாங்கள் போகவில்லை. வெல்டன் ஸ்பிரிங் வனப்பகுதியில்தான் ஆறு நெருங்கி வருகிறது. காட்டைப் பார்த்தால் ஆதியிலிருந்தே காடு என்று தோன்றும். ஆனால் இங்கே ஹாம்பர்க், ஹவல், டூனர்வில் என்று ஊர்கள் இருந்தன. 1941ல் வெடிமருந்துத் தொழிற்சாலைக்காக அரசு எல்லாரையும் கிளப்பிவிட்டது. பின்னால் யுரேனியம் ஆலையும் வந்து போனது. ஆளில்லாத அந்த ஊர்களுக்காக ஒரு பத்து மணி சொல்லலாம் என்றார் இவர். இவர் தானாக ஜெபம் எடுத்துக் கொடுப்பது அபூர்வம். யாரும் எதுவும் பேசாமல் சொன்னோம்.

நடக்கும்போது பிள்ளைகளுக்கு டுஷேன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1769ல் பிரான்சில் கிரெனோபிள் நகரில் பிறந்தவர். மடத்தில் சேர்ந்தார், பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தை மூடிவிட்டார்கள். சிறையில் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். 1804ல் திரு இருதய சபையில் சேர்ந்தார். அமெரிக்கப் பழங்குடிகளிடம் போகவேண்டும் என்பதுதான் சிறு வயதிலிருந்து அவருடைய ஒரே ஆசை. கப்பல் ஏறியபோது வயது 48. 1818ல் செயின்ட் சார்ல்ஸ் வந்து, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த வருஷமே ஃப்ளாரிசன்ட் ஊருக்கு மாறவேண்டியதாயிற்று. முதல் பள்ளி தொடங்கிப் பத்து வருஷம் கழித்து, 1828ல், செயின்ட் சார்ல்ஸில் மறுபடி பள்ளி திறந்தது. ஆங்கிலம் அவருக்குக் கடைசிவரை சரியாக வரவே இல்லை.

மகள் நிறுத்திக் கேட்டாள்: அவர்கள் சபை லூசியானாவில் அடிமைகளை வைத்திருந்ததே, அது? அவள் ஏற்கெனவே படித்திருக்கிறாள். உண்மைதான், சபையே பின்னாளில் அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது என்றேன். புனிதர் என்றால் குறையே இல்லாதவர் என்று நம் ஊர் ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நான் முயலவும் இல்லை.

ஆசைப்பட்ட இடத்துக்கு அவர் போனது 1841ல், 71 வயதில். கான்சாஸில் சுகர் கிரீக், போட்டவாட்டமி மக்கள் இருந்த இடம். அவர்கள் அங்கே விரும்பி வந்தவர்கள் அல்ல. 1838ல் இந்தியானாவிலிருந்து துப்பாக்கி முனையில் 859 பேரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடத்திக் கொண்டுவந்தார்கள். 40 பேருக்கு மேல் வழியிலேயே செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கூடவே வந்த இளம் குரு பெஞ்சமின் பெட்டி, திரும்பும் வழியில் செயின்ட் லூயிஸில் நோயில் இறந்தார். சின்னவன் அதற்குப் பிறகு ஒரு மைல் வரைக்கும் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

சுகர் கிரீக்கில் டுஷேனால் பாடம் நடத்த முடியவில்லை, அந்த மொழி வரவில்லை. உடம்பு வேலைக்கு ஒத்துழைக்கவில்லை. ஆகவே கோயிலில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார், மணிக்கணக்கில். பிள்ளைகள் அவர் அங்கியின் ஓரத்தில் சின்னச் சின்னப் பொருள்களை வைத்துவிட்டுப் போய், வெகுநேரம் கழித்து வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும் என்று சொல்வார்கள். ‘எப்போதும் ஜெபிக்கிற பெண்’ என்று அந்த மக்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். ஒரு வருஷத்தில், உடம்பு தாங்காது என்று செயின்ட் சார்ல்ஸுக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள்.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள்: “பாஷை தெரியாத ஊருல வேற என்ன பண்ணுவா, பாவம்.”

எனக்கு எங்கள் வீட்டு வரவேற்பறை ஞாபகம் வந்தது. காலையில் நாங்கள் நான்கு பேரும் நாலு பக்கம் போய்விடுவோம். பக்கத்து வீட்டுக்காரி கையசைத்தால் அம்மாவும் கையசைப்பாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வழியில்லை. சாயங்காலம் வந்தால் ஜன்னலோர நாற்காலியில் ஜெபமாலையோடு இருப்பாள். பொழுது போகவில்லையே என்று நான் டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செயின்ட் சார்ல்ஸில் ஆற்றங்கரைப் பூங்காவில் பழைய கேட்டி ரயில் நிலையக் கட்டடத்தைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து செங்கல் பாவிய மெயின் தெருவைத் தாண்டி வடக்கே நடந்தால் திரு இருதய அகாடமி வளாகம். இன்றும் பள்ளி நடக்கிற இடம், ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. கேட்டிருந்தோம். கல்லறை இருக்கும் கோயில் அலங்காரம் அதிகமில்லாதது. பூ விற்கிறவர் இல்லை, மெழுகுவர்த்திக் கடை இல்லை, காணிக்கை போடத் தள்ளுமுள்ளு இல்லை. அம்மா ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போய், கல்லறைக் கல்லில் நெற்றியை வைத்தாள். வேளாங்கண்ணியில் இரண்டு நொடிக்குள் தள்ளிவிடுவார்கள். இங்கே தள்ள ஆளில்லாததால் அவள் எழுந்திருக்கவே இல்லை. சின்னவன் என்னைப் பார்த்தான், நான் இவரைப் பார்த்தேன்.

பிறகு டுஷேன் கடைசிப் பத்து வருஷம் இருந்த அறை. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஒரு இடம். கோயிலுக்குப் பக்கம் என்பதால் அவரே வேண்டி வாங்கிக்கொண்டது என்பார்கள். 1852 நவம்பர் 18 அன்று, 83 வயதில் இறந்தார். 1988ல் இரண்டாம் யோவான் பவுல் புனிதர் பட்டம் கொடுத்தார்.

வெளியே வந்து ஷூ லேஸைக் கட்டிவிடும்போது அம்மா கேட்டாள். “அந்த ஊரு எங்க இருக்கு? அந்த ஜனங்க இருந்த ஊரு.”

“சுகர் கிரீக்கா? கான்சாஸ். வண்டியிலயே நாலஞ்சு மணி நேரம் ஆகும்மா.”

“வண்டியில யாரு கேட்டா?”

இவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். கேட்டி டிரெயில் மேற்கே வின்ட்சர் ஊர் வழியாகப் போகிறது, அங்கிருந்து பழைய ராக் ஐலண்ட் தடத்திலும் ப்ளெசன்ட் ஹில் வரை பாதை போட்டுவிட்டார்கள், அதற்கப்புறம் கான்சாஸ் எல்லை பக்கம்தான், ரோட்டில் நடக்கவேண்டியது கொஞ்ச தூரம்தான் என்று ஆரம்பித்தார். அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு என்று நான் கேட்டேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.