பழைய தோள் நோ: எவ்வளவு அழுத்தலாம்?

மூன்று மாதம் தாண்டிய தோள் நோவோடு இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) எங்களிடம் வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "நல்லா இறுக்கி அழுத்தி விடுங்கோ" என்றுதான். தைலம் போட்டு உருவி, மறுநாள் கையே தூக்க முடியாமல் போனவர்களும் அதையே கேட்கிறார்கள். நரம்பு மண்டலத்தின் உணர்திறன் கூடிப்போன தோளுக்கு அழுத்தம் கூடக்கூட நோவும் கூடும். முண்ணாணும் மூளையும் சாதாரணத் தொடுகையைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்வதே காரணம்.

இதை எக்ஸ்ரே காட்டாது. கைப்பை வார் பட்டாலே எரிகிறதா, நோ கழுத்துக்கும் மற்றத் தோளுக்கும் பரவுகிறதா, நித்திரை குழம்புகிறதா என்று கேட்போம். பெருவிரலால் தோளை மெல்ல அழுத்திவிட்டு, அதே அழுத்தத்தை முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்திலும் கொடுத்துப் பார்ப்போம். அங்கும் துள்ளினால் பிரச்சினை தோளோடு நிற்கவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை நாங்களே வெளிப்பக்கம் திருப்பினாலும் அசையாவிட்டால் உறைந்த தோளை, அதாவது மூட்டைச் சுற்றிய உறை தடித்து இறுகும் வருத்தத்தை, சந்தேகிக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது அதிகம். அதன் பாதை வேறு, காலமும் நீளம்.

தோளைத் தொடவே விடாதவர்களுக்குக் கழுத்திலோ மேல்முதுகிலோ மெதுவான அசைவுகளோடு தொடங்குவோம். தொடுகை பழகியபின், மூட்டைக் கையால் தள்ளிப் பிடித்தபடி அசைக்க வைக்கும் முல்லிகன் முறை. நோயாளி கதிரையில் நிமிர்ந்து இருப்பார். நான் நோகாத பக்கம் நின்று, ஒரு கையால் பின்னிருந்து தோள்பட்டை எலும்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரல் மேட்டை மேற்கை எலும்பின் தலைக்கு முன்னால் வைத்துப் பின்னோக்கிச் சற்று வெளிப்பக்கமாகத் தள்ளுவேன். நான் தள்ளலை விடாமல் வைத்திருக்கும்போதே அவர் தானே கையைத் தூக்கி இறக்க வேண்டும். காறை எலும்புக்குக் கீழே ஒரு எலும்பு முனை துருத்தி நிற்கும். அதில் கை பட்டால் ஆரோக்கியமான தோளும் நோகும். மடித்த துவாய்த் துண்டு ஒன்றை இடையில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இங்கே விதி ஒன்றுதான்: தூக்கும்போது நோகக் கூடாது. நொந்தால் தள்ளும் திசையைச் சற்று மாற்றுவோம். அப்போதும் நொந்தால் அன்றைக்கு அதை விட்டுவிடுவோம். வழக்கமான அளவு 10 தடவைப்படி 3 சுற்று. உணர்திறன் கூடியவருக்கு முதல் நாள் 6 தடவை, ஒரே சுற்று. "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். மறுநாள் காலையில் தோள் என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த அளவு. கூடிய நோ 24 மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு வராவிட்டால் அளவைப் பாதியாக்குவோம்.

கை வைத்துத் தரும் சுகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரத்துக்குள் தோளை அசைத்துப் பழக்க வேண்டும். மேசையில் துவாயை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளி இழுப்பது 10 தடவை, காலையும் மாலையும். வீட்டில் செய்யும் இந்தப் பயிற்சியில் பத்துக்கு மூன்று அளவு நோ வந்தாலும் பயமில்லை. சுகமான நாளில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்: ஒரே மூச்சில் தேங்காய் திருவி, உடுப்புத் தோய்த்து, கொழும்பின் காலி வீதி பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கி, அன்றிரவு நித்திரை இல்லை. அந்த வேலைகளை விடச் சொல்வதில்லை. அரை மூடியைத் திருவிவிட்டுக் கொஞ்சம் ஆறுங்கள், மற்றக் கையால் கம்பியைப் பிடியுங்கள். இரவில் நோகும் கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள்.

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம்; வைத்தியரின் கடிதத்தையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். நான்கைந்து முறை வந்தும் கை தூக்குவதிலோ நித்திரையிலோ மாற்றம் இல்லையென்றால், இன்னும் அழுத்தச் சொல்லாமல் திரும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, கை மரத்துப் பலமிழத்தல் இருந்தால் அதுவரையும் காத்திருக்க வேண்டாம். தோள் நோவோடு நெஞ்சு இறுகி மூச்சு முட்டினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.