நவோஸு என்றால் சரிசெய் என்று நினைத்திருந்தேன்

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. மலேசியாவில் கெடா மாநிலத்துக் கூலிம் பக்கம் ஜப்பான்காரர் தொழிற்சாலை ஒன்று, பெயர் வேண்டாம். அங்கே நான் மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரில் கடிதம் அடிப்பதிலிருந்து கேன்டீன் சண்டை தீர்ப்பது வரை எல்லாம் பார்த்தேன். ஒசாகாவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருநாள் மேசைமேல் கிடந்த மைக்ரோமீட்டரை, நுணுக்கமாக அளக்கும் கருவியை, காட்டி “இதை நவோஷிதோய்த்தே” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். நவோஸு என்றால் பழுது பார்ப்பது. வகுப்பில் முதல் வருஷமே படித்த சொல், அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது? டெக்னீஷியன் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் பாவம், எனக்கு உதவி செய்வதாக நினைத்து அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றித் துணிமேல் பரப்பிவைத்து, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பெரியவர் திரும்பி வந்து அந்தத் துணியைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவர் சொன்னது ‘எடுத்த இடத்தில் வை’. ஒசாகா பக்கத்திலும் தெற்கே கியூஷூவிலும் நவோஸு என்றால் அதுதான். தோக்கியோ ஆளிடம் அதே சொல்லைச் சொன்னால் அவரும் என்னைப் போல ஸ்க்ரூடிரைவரைத்தான் தேடுவார்.

தெரியாத சொல்லாக இருந்தால் கேட்டுவிடலாம், வெட்கமில்லை. தெரிந்த சொல்தான் காலை வாரிவிடும். நம் தமிழும் அப்படித்தான். திருச்சியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பாடாங் செராயில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது அம்மா “தண்ணி கலக்கட்டுமா தம்பி?” என்று கேட்க, தண்ணியில் எதைக் கலக்கப்போகிறார்கள் என்று அவர் முழித்தார். நமக்கு அது தேத்தண்ணியோ மைலோவோ, அவருக்குத் தண்ணி என்றால் ஒன்று குழாய்த் தண்ணி, இல்லாவிட்டால் சாராயம். “மோட்டாரை உள்ளே ஏத்திடுங்க, மழை வருது” என்று அப்பா சொன்னதற்கு அவர் கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்த்ததையும் மறக்க முடியாது. நமக்கு மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள், அவருக்குத் தண்ணி இறைக்கும் பம்பு.

சரி, ஜப்பானுக்கு வருவோம். ‘எராய்’ என்றால் பாடப் புத்தகத்தில் பெரிய ஆள், பாராட்டத்தக்கவர். நகோயாக்காரர் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே “எராய்” என்றால் உடம்பு அசந்துபோச்சு என்று அர்த்தம். ‘கோவாய்’ என்றால் பயமாக இருக்கிறது, ஆனால் வடக்கே தொஹோக்கு, ஹொக்காய்தோ பக்கம் அதுவும் களைப்புதான். அந்தச் சொல்லுக்கு விறைப்பு என்ற பழைய பொருள் உண்டு, உடம்பு விறைத்துப்போனதைச் சொல்கிறார்கள். அதே வடக்கில் குப்பையை ‘நகெரு’ செய்யச் சொன்னால் வீசி எறியக் கூடாது, ஒழுங்காகக் கொண்டுபோய்ப் போட வேண்டும். ‘கத்தே கித்தா’ தோக்கியோவில் வாங்கிவந்தேன், மேற்குப் பக்கத்துப் பழைய ஆட்கள் வாயில் இரவல் வாங்கிவந்தேன். கணக்குப் பார்க்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம்!

‘காராய்’ கதை தனி. நம் காரம்தான் அது என்று தமிழ் விழாக்களில் மேடைக்கு மேடை சொல்வார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதாடியவர், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அது கிடக்கட்டும். நான் கொண்டுபோன நெத்திலி சம்பலைச் சாப்பிட்ட பெரியவர் “கொஞ்சம் காராய்” என்றார். அடுத்த தடவை அம்மாவிடம் சொல்லி மிளகாயைப் பாதியாகக் குறைத்தேன், அப்போதும் அதே காராய். மேற்கு ஜப்பானில் உப்புக் கரித்தாலும் காராய்தானாம். அம்மாவுக்குக் கோபம், “உப்புன்னு சொல்றதுக்கு என்னவாம் அந்த மனுஷனுக்கு?”

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு நியாயம் கிடைத்தது. வகுப்பில் “உங்கள் வீட்டுக்கு வருகிறேன்” என்பதை நம் வழக்கப்படி வருவதற்கான ‘குரு’ போட்டு எழுதி எழுதிச் சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். ஜப்பானில் கேட்பவர் இருக்கும் இடத்துக்கு நாம் ‘வருவது’ கிடையாது, ‘இக்கு’, போவதுதான். பிறகு ஃபுக்குவோக்கா இன்ஜினியர் ஒருவர் போனில் “இமாகாரா குருகென்” என்றார், இதோ வர்றேன் என்று. அசல் நம்ம ஊர்ப் பேச்சு! அந்த ஊரில் பிறந்திருந்தால் என் நோட்டில் அவ்வளவு சிவப்பு இருந்திருக்காது.

கியோத்தோ ஆயிரம் வருஷத்துக்கு மேல் தலைநகரம், அங்கே கிளம்பிய புதுச்சொல் குளத்தில் கல் விழுந்த வட்டம்போலப் பரவி, பழசு ஓரத்தில் போய் ஒதுங்கிக்கொள்ளும் என்று நாட்டுப்புறவியல் அறிஞர் குனியோ யானகிதா நத்தைக்கு ஊருக்கு ஊர் உள்ள பெயர்களை வைத்து 1930-இல் எழுதினார். வடகோடியும் தென்கோடியும் சில சமயம் ஒரே சொல்லைப் பேசுவதற்கு அது ஒரு விளக்கம். பள்ளியில் சொல்லித்தரும் பொதுமொழியோ மெய்ஜி பேரரசர் காலத்திலிருந்து (1868–1912) தோக்கியோ பேச்சை வைத்து உருவானது. நான் படித்தது அந்தத் தோக்கியோவை, மேலதிகாரி ஒசாகா.

திட்டுவதில் இன்னும் மோசம். ஒசாகாவில் ‘ஆஹோ’ செல்லம், ‘பாக்கா’ சுடும். தோக்கியோவில் நேர்மாறு. எங்கள் தோக்கியோ இன்ஜினியர் சிரித்துக்கொண்டே பாக்கா என்று சொல்லப்போய் பெரியவர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. தாத்தாவை இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதை போடப் பிடித்துப் போயிருக்கிறார்கள், 415 கிலோமீட்டர் பாதை அது, போனவர்களில் எத்தனையோ தமிழர்கள் திரும்பவில்லை. அவர் திரும்பினார். அவருக்குத் தெரிந்த ஜப்பான் மொழி ஒன்றே ஒன்று, ‘பாகேரோ’. நான் திண்ணையில் கேசட் போட்டுப் படிக்கும்போது பாக்கு வெட்டிக்கொண்டே கேட்பார். ஒருநாள் பாக்குவெட்டியை நிறுத்திவிட்டு, “பாகேரோன்னா என்னம்மா அர்த்தம்?” என்றார்.

“பாக்கா யாரோ. மடப்பயலேன்னு திட்டுறது தாத்தா.”

“அவ்வளவுதானா?” என்று இரண்டு தடவை கேட்டார். அறுபது வருஷமாக அதற்குள் என்னென்ன வைத்திருந்தாரோ.

இப்போதும் லைனில் யாராவது ஜப்பான்காரர் பாக்கா என்று கத்தினால் நம் பிள்ளைகள் என்னிடம் வந்து “அக்கா, என்ன சொல்றாரு?” என்று கேட்பார்கள். சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார் என்பேன்.