பீட்டர் பிராக்: மண்சாலையும் மலைச்சாலையும்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

மெல்பர்ன் நகரிலிருந்து வடகிழக்கே போகும் ரயில் பாதை ஹர்ஸ்ட்பிரிட்ஜில் முடிந்துவிடுகிறது. இன்று காலை மகளை ஓட்டச் சொல்லி, பக்கத்து இருக்கையில் அமர்ந்து அந்த ஊர்வரை போய் வந்தேன். விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் உரிமத் தேர்வுக்குப் போகுமுன் 120 மணி நேரம் வண்டி ஓட்டி, அதைப் பதிவேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அவள் இன்னும் பாதியைத் தொடவில்லை. ஊரைத் தேர்ந்தது நான். கார் பந்தய ஓட்டுநர் பீட்டர் பிராக் வளர்ந்த இடம் அது. சாலையோர வாட்டில் மரங்கள் எல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன.

1945 பிப்ரவரி 26 அன்று பிறந்த பிராக், இளம்வயதில் ஐந்து பவுண்டு கொடுத்து ஒரு பழைய ஆஸ்டின் 7 வண்டியை வாங்கினார். அதில் பிரேக் கிடையாது. தம் ஓட்டுதிறனில் பெரும்பகுதி அந்த வண்டி கற்றுத் தந்ததுதான் என்று பின்னாளில் அவரே சொல்லிவந்தார். இருபது வருடமாகப் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில் அந்தச் சொல்லை நான் முழுமையாக நம்புகிறேன். பிரேக் இல்லாதவன் வளைவு வரும்வரை காத்திருக்க முடியாது; வேகத்தை முன்கூட்டியே விட்டுக்கொடுக்க வேண்டும், கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடிக்க வேண்டும், சாலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஐம்பது அடிக்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும். சாலையில் ஓடும் வண்டிகளையே மேம்படுத்தி ஓட்டும் டூரிங் கார் பந்தயத்தில் ஆஸ்திரேலியா கண்ட மிகப் பெரிய பெயர் இங்கிருந்துதான் புறப்பட்டது என்று மகளிடம் சொன்னேன். அவள் பிரேக்கை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

கட்டாய ராணுவப் பணியை முடித்துத் திரும்பிய பிராக், அறுபதுகளின் பிற்பகுதியில் தமக்கென்று ஒரு பந்தய வண்டியைக் கட்டினார். ஆஸ்டின் ஏ30 என்ற சின்னஞ்சிறு குடும்ப வண்டி அது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் இருந்தது 803 சிசி எஞ்சின். அதை எடுத்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் கார் தயாரித்த ஹோல்டன் நிறுவனத்தின் ஏறத்தாழ 2,900 சிசி கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார். சக்கரங்களுக்கு இடையிலான நீளம் குறைவு, முன்பக்கம் முழுக்கக் கனமான இரும்பு, பின்சக்கரங்களுக்கோ வேண்டிய அளவுக்கு மேல் விசை. இப்படி ஒரு வண்டியை நேராக ஓட்டுவதே பெரும்பாடு. அதைக் கொண்டு அவர் பல பந்தயங்களில் வென்றதைப் பார்த்துத்தான், 'நரி' என்று பட்டப்பெயர் பெற்ற அணி மேலாளர் ஹாரி ஃபர்த் 1969-இல் அவரை ஹோல்டன் வண்டிகளை ஓட்டிய ஹோல்டன் டீலர் டீம் பந்தய அணிக்கு அழைத்துக்கொண்டார்.

அதே ஆண்டு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாத்தர்ஸ்ட் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் 500 மைல் பந்தயத்தில் டெஸ் வெஸ்டுடன் சேர்ந்து மொனாரோ ஜிடிஎஸ் 350 வண்டியை ஓட்டி மூன்றாவதாக வந்தார். முதல் முயற்சி அது. அணியின் மற்றொரு வண்டியை ஓட்டிய காலின் பாண்டும் டோனி ராபர்ட்ஸும் வென்றார்கள்.

2024 ஆகஸ்ட் 28, புதன்

பிராக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாத்தர்ஸ்டிலேயே தொடங்கி பாத்தர்ஸ்டிலேயே முடித்துவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் மெல்பர்னுக்கு அருகிலுள்ள கால்டர் திடலில் ராலிகிராஸ் பந்தயங்களையும் ஓட்டினார். சேறும் சரளையும் தாரும் கலந்த சிறு வட்டப் பாதை அது. ஃபர்த்தின் பட்டறை அதற்கென்றே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஹோல்டன் டொரானா வண்டி ஒன்றைத் தயார் செய்திருந்தது. அதற்கு 'மிருகம்' என்று பெயர். நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிடிமானம் இழக்கும் நிலத்தில் கை கால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்த மிருகம்தான் அவருக்குப் பழக்கியிருக்க வேண்டும்.

இன்று பட்டறையில் ஒரு கிளட்ச் மாற்றினேன். நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. தட்டைக் கழற்றியபோது உராய்வுப் பூச்சு ரிவெட் தலைவரை தேய்ந்து, விளிம்பெல்லாம் நீலம் பாய்ந்து, கருகிய மணம் கை கழுவிய பின்னும் விரலை விட்டுப் போகவில்லை. காலைக் கிளட்சின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டிய யாரோ ஒருவரின் எழுத்து அது. வண்டியைத் திறந்து பார்த்தால் ஓட்டியவரைப் படித்துவிடலாம்.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

1979-ஆம் ஆண்டைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன்.

அந்த ஆகஸ்டில் ரெப்கோ ரிலையபிலிட்டி ட்ரையல் நடந்தது. மெல்பர்னில் புறப்பட்டு, ஆஸ்திரேலியக் கண்டத்தையே சுற்றி, மீண்டும் மெல்பர்னுக்கே வந்து சேரும் ஓட்டம். தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர், காலம் இரண்டு வாரம். ஹோல்டன் டீலர் டீம் மூன்று கொமடோர் வண்டிகளை அனுப்பியது. கொமடோர் அப்போது சந்தைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஜெர்மனியின் ஓப்பல் வடிவமைப்பிலிருந்து உருவான அதன் உடல், ஆஸ்திரேலியாவின் கரடுமுரடான பாதைகளில் சோதித்துப் பார்த்தபோது தாங்காமல் போனதால், பல இடங்களில் வலுவூட்டிய பிறகே விற்பனைக்கு வந்தது. ஐரோப்பிய வண்டி இந்த மண்ணுக்குத் தாங்குமா என்ற ஐயம் வாங்குவோர் மனத்தில் இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. நோயல் ரிச்சர்ட்ஸ், மேட் பிலிப் ஆகிய இருவரும் பிராக்குடன் ஒரே வண்டியில் சென்றார்கள். எஞ்சின் 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர். சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய அதே வகை.

உள்நாட்டு மண்சாலை என்றால் என்ன என்பதை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கனரக வண்டிகள் ஓடி ஓடி, சாலையின் குறுக்கே தகரக் கூரை போல வரிவரியாக மேடு பள்ளம் விழுந்துவிடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியிலும் சக்கரம் இறங்கி ஏறும். வண்டியின் ஒவ்வொரு திருகும் தளரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டினால் சக்கரங்கள் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு மிதக்கத் தொடங்கும், அதிர்வு அடங்கும். ஆனால் அந்த வேகத்தில் டயருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு பாதியாகக் குறைந்துவிடுவதால், வளைவு ஒன்று எதிர்ப்பட்டால் வண்டி தன் போக்கில்தான் போகும். இதற்கிடையே ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் கொதித்து நுரைத்து, அதன் பிடி தளர்ந்துகொண்டே வரும். மாவு போன்ற செம்புழுதி நிறைந்த குழிகள் சமதரையைப் போலவே தோன்றும். உள்ளே என்ன ஆழம் என்று விழுந்த பிறகே தெரியும். அந்தி சாய்ந்தால் கங்காருக்கள் பாதைக்கு வரும். இத்தனைக்கும் நடுவே எந்த மணிக்கு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு.

டூரிங் கார் பந்தயத்தில் பெயரெடுத்த ஒருவர் இதில் இறங்கினால் வண்டியை இரண்டாம் நாளிலேயே உடைத்துவிடுவார் என்று நினைப்பது இயல்பு. பிராக் வென்றார். பேரி ஃபெர்குசன் இரண்டாவதாகவும், பின்லாந்தின் ரௌனோ ஆல்டொனன் மூன்றாவதாகவும் வந்தார்கள், மூன்றும் கொமடோர்களே. ஆல்டொனன் உலகப் புகழ் பெற்ற ராலி ஓட்டுநர், மண்ணிலும் பனியிலும் வாழ்ந்தவர். அவருக்கு முன்னால் தார்ப்பாதை ஓட்டுநர் ஒருவர் வந்து நின்றார் என்பதை நான் எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. இந்த வெற்றியை அவருடைய வாழ்வின் துணைக்கதையாக எழுதுவது நியாயமே அல்ல.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், 2006 செப்டம்பர் 8 அன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் கிட்ஜிகனப் அருகே டார்கா வெஸ்ட் ராலியில் பிராக்கின் வண்டி சாலையை விட்டு விலகி ஒரு மரத்தில் மோதியது. அவர் அங்கேயே உயிரிழந்தார். வயது 61. உடன் சென்ற துணை ஓட்டுநர் காயங்களுடன் பிழைத்தார். மெல்பர்னின் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அடுத்த மாதம் பாத்தர்ஸ்டில் முதன்முறையாக வழங்கப்பட்ட பீட்டர் பிராக் கோப்பையை, அவரைக் குருவாகக் கருதிய கிரெய்க் லவுண்ட்ஸ் வென்று தூக்கினார்.

அவருடைய வண்டியின் எண் 05 என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி ஓட்டக்கூடாது என்ற விக்டோரியாவின் விதியை மக்கள் மனத்தில் பதிப்பதற்காக எழுபதுகளின் நடுவில் அவர் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டார். பிறகு அதுவே அவர் அடையாளமாகிவிட்டது. மகளிடம் இதைச் சொன்னபோது, "எங்களுக்குப் பூஜ்யம் அப்பா" என்றாள். உண்மைதான்; பயிற்சி உரிமக்காரர்களுக்கு ஒரு துளிகூட அனுமதி இல்லை.

2024 செப்டம்பர் 12, வியாழன்

பிடித்தவரின் பிழையையும் எழுத வேண்டும். எண்பதுகளில் பிராக் கொமடோர்களை மேம்படுத்தி விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். அவற்றில் 'எனர்ஜி போலரைசர்' என்ற சிறு பெட்டியைப் பொருத்தத் தொடங்கினார். படிகங்களும் காந்தங்களும் அடங்கிய அது வண்டியின் மூலக்கூறுகளைச் சீரமைத்து ஓட்டத்தை மேம்படுத்தும் என்று மனமார நம்பினார். எந்திரம் தெரிந்த ஒருவர் இதை நம்பியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. 1987 பிப்ரவரியில் ஹோல்டன் நிறுவனம் அவருடன் இருந்த உறவை முறித்துக்கொண்டது. பணமும் ஆட்களும் குறைந்துபோன நிலையில் அதே ஆண்டு பாத்தர்ஸ்டுக்கு வந்தார். அவருடைய வண்டியின் எஞ்சின் தொடக்கத்திலேயே கைவிட்டது. அணியின் இரண்டாம் வண்டிக்கு மாறி, மழை பெய்த பிற்பகலில் டேவிட் பார்சன்ஸ், பீட்டர் மெக்லியாட் ஆகியோருடன் மூன்றாவதாக முடித்தார். முன்னால் வந்த இரண்டு ஃபோர்டு சியாரா வண்டிகளும் சக்கர வளைவுகளின் அளவு விதிக்கு மாறாக இருந்ததால் பின்னர் தகுதி இழந்தன. அப்படிக் கிடைத்ததுதான் அவருடைய ஒன்பதாவது பாத்தர்ஸ்ட் வெற்றி.

2024 செப்டம்பர் 21, சனி

நேற்று மெல்பர்னிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து, இன்று காலை பாத்தர்ஸ்டின் மவுன்ட் பனோரமா மலையில் ஏறினோம். பந்தயம் இல்லாத நாட்களில் அது பொதுச்சாலை. வீடுகளும் தோட்ட வாயில்களும் உண்டு. இரு திசையிலும் வண்டிகள் வரும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நானே ஓட்டினேன்.

சுற்று 6.2 கிலோமீட்டர், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வேறுபாடு 174 மீட்டர். தொலைக்காட்சியில் பார்த்து அறிந்ததாக நினைத்திருந்த சாலை, நேரில் மாறிவிடுகிறது. 'கட்டிங்' என்னும் இடத்தில் ஏற்றம் அவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வண்டி இரண்டாம் கியரில் முனகியது. உச்சியில் 'ஸ்கைலைன்' என்னும் இடத்தைத் தாண்டியதும் சாலை கண்ணுக்கு முன்னால் காணாமல் போய், கீழே வளைந்து வளைந்து இறங்குகிறது. இரு பக்கமும் கான்கிரீட் சுவர். அதில் பந்தய வண்டிகள் உரசிய கருந்தடங்கள் அடுக்கடுக்காகப் பதிந்திருந்தன. இறக்கம் முடிந்ததும் வரும் நீண்ட நேர்ப்பாதைக்கு 'கான்ராட் ஸ்ட்ரெய்ட்' என்று பெயர். முற்காலப் பந்தயம் ஒன்றில் ஒரு வண்டியின் எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு (சுருக்கமாக 'கான்ராட்') அங்கே ஒடிந்துபோனதால் வந்த பெயர். எந்திரம் உடைவதையே பெயராகச் சூடிய சாலையில்தான் பிராக் ஒன்பது முறை வென்றார்.

1972-இல், 500 மைல் தூரத்தைத் தனி ஒருவராக ஓட்டலாம் என்றிருந்த கடைசி ஆண்டில், மழையில் நனைந்த இதே இறக்கத்தில் 3.3 லிட்டர் டொரானாவைக் கொண்டு, போட்டி ஓட்டுநர் ஆலன் மொஃபாட்டின் 5.8 லிட்டர் ஃபோர்டு ஃபால்கனை வீழ்த்தினார். விசை குறைவான வண்டி வழுக்கும் சாலையில் முந்தியது என்றால், அது கால்டர் சேற்றில் பழகிய கால் செய்த வேலை என்றே நான் கருதுகிறேன்.

1979 செப்டம்பர் 30 அன்று, கண்டத்தைச் சுற்றி வந்த களைப்பு ஆறி ஒரு மாதம் சற்றே கடந்த நிலையில், ஜிம் ரிச்சர்ட்ஸுடன் ஏ9எக்ஸ் டொரானாவில் இங்கே வந்தார். ஆயிரம் கிலோமீட்டர், 163 சுற்று. இரண்டாவதாக வந்த வண்டியைவிட ஆறு சுற்று முன்னால் முடித்தார். கடைசிச் சுற்றை 2 நிமிடம் 21.1 வினாடியில் ஓட்டி, பந்தயச் சுற்றுச் சாதனையையும் படைத்தார். ஆறு சுற்று முன்னிலை இருக்கும்போது நடந்தே போயிருக்கலாம். அந்த வேகம் மிடுக்குக்காக என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. 162 சுற்றுக்குப் பிறகும் அந்த எஞ்சினில் விசை மிச்சம் இருந்தது, பிரேக் கட்டைகள் தீர்ந்துவிடவில்லை, கியர்பாக்ஸ் கெட்டியாக இருந்தது. அத்தனை நேரம் முன்னிலையில் ஓடிய வண்டியை அவ்வளவு நோகாமல் வைத்திருந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் செம்புழுதியில் காட்டிய அதே கை.

அடிவாரத்து அருங்காட்சியக வாசலில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. மகள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்; நான் எதிரில் இருந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் கௌரா போகும் நெடுஞ்சாலையில் அவள் ஓட்டினாள். ஓரிடத்தில் சாலை வேலைக்காகத் தாரைப் பெயர்த்துச் சரளை கொட்டியிருந்தார்கள். நான் வாய் திறக்குமுன் வேகத்தைக் குறைத்து, கியரை ஒன்று இறக்கி, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் விரல்களைச் சற்றுத் தளர்த்திக்கொண்டாள். அடித்தட்டில் கற்கள் படபடவென்று தெறித்தன. மறுபடியும் தார் வந்ததும், "சத்தம் மாறிடுச்சு அப்பா" என்றாள். இரவு விடுதியில் பதிவேட்டை எடுத்து, இன்றைய கணக்கில் இரண்டு மணி பத்து நிமிடம் எழுதினாள்.