கிளச் பிடிக்கிற இடம்

சி1 லைசன்ஸ் (இலகு லொறி) ட்ரயலுக்கு, அதாவது ஓட்டப் பரீட்சைக்கு, ஒரு மாதம் இருக்கும்போது, கார் ஓடிப் பழகின காலோடு லொறியில் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் நாவற்குழிப் பக்கம் ஒரு வெறும் வெளி. முதல் நாளே 11 தரம் எஞ்சின் நின்றுபோனது.

பழக்கின அண்ணை ஏசவில்லை. பாதி தண்ணீரோடு ஒரு போத்தலை டாஷ்போர்டில் வைத்தார். "தம்பி, எக்சிலேட்டரைத் தொடாதை. குதியை நிலத்தில ஊண்டிக்கொண்டு கிளச்சை மட்டும் மெல்ல விடு. தண்ணியைப் பார்."

விட்டேன். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தணிந்து கனத்தது. போத்தல் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்தன. "அதுதான் பிடிக்கிற இடம். அதிலயே காலை வைச்சிரு." லொறி தானாக ஊர்ந்தது. டீசல் எஞ்சினுக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை அதிகம். வெறும் லொறியைச் சமதரையில் நகர்த்த ஐடிலிங்கே போதும்.

என் பிழை எங்கே என்று அன்றுதான் விளங்கியது. லொறி அசைந்தவுடனே, வென்றுவிட்டேன் என்று காலை எடுத்துவிடுவேன். அந்த நேரம் கிளச் பிளேட் இன்னும் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சினும் சில்லும் ஒரே வேகத்துக்கு வரவில்லை. சில்லு ஒரு முழுச் சுற்று உருளும்வரை காலை அங்கேயே பிடியுங்கள். பிறகு மிச்சத்தை விடுங்கள். பாரம் ஏற்றியிருந்தால் முதலாம் கியர்தான், கொஞ்சம் எக்சிலேட்டரும் வேண்டும்.

எங்கள் ஊரில் மலை இல்லை, ஆனால் ரயில் கடவை இருக்கிறது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தபின் கோண்டாவில், இணுவில், சுன்னாகம் பக்கம் லொறி ஓடுபவர்களுக்கு அந்தச் சின்ன ஏற்றம் தினமும் வரும். ஏற்றத்தில் நின்று எடுக்க ஹான்ட்பிறேக்கை விடாமல் கிளச்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். லொறி முன்னுக்குத் திமிறும்போது பிறேக்கை விடுங்கள். இதைத் தண்டவாளத்துக்குக் கிட்ட ஒருநாளும் பழகாதீர்கள். அரிசி ஆலை, களஞ்சியம் எதிலாவது சரிவு இருந்தால் கேட்டுப் பழகுங்கள். கடவையில் அங்கால் பக்கம் இடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள், தண்டவாளத்தின்மேல் கியர் மாற்றாதீர்கள்.

ஓடும்போது கிளச்சில் காலை வைத்திருந்தால் பிளேட் கருகும். அந்த மணம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஒவ்வொரு லொறிக்கும் பிடிக்கிற இடம் வேறு. ட்ரயல் வாகனத்தில் ஏறினதும் முதலில் அதைக் காலால் தேடிக்கொள்ளுங்கள். பழகின அதே சப்பாத்தோடு போங்கள். அடி தடித்த புதுச் சப்பாத்தில் அந்த நடுக்கம் காலுக்குத் தெரியாது.