ஐந்தடுக்குச் சிக்கனம்

பழைய ரங்கூனான யாங்கோனில் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயார்செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். ஊரார் கணக்கை ஒரு கியாட் பிசகாமல் எழுதுகிற எனக்கு, என் சட்டைப்பையின் நிலவரம் மட்டும் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்கு மேல்தான் தெரியவரும். 2019-ஆம் ஆண்டு, பௌத்தர்களின் மழைக்கால விரதம் தொடங்கியிருந்த சமயத்தில், அப்படியோர் இருபதாம் தேதி இரவு பழைய பேரேடு ஒன்றின் பின்பக்கத்தில் என் வாய்க்கு ஆகும் செலவை முதன்முறையாக எழுதிப் பார்த்தேன்.

காலையில் மொகிங்கா என்கிற, மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா 700 கியாட், அதில் உடைத்துப் போட்டுக்கொள்ளும் பருப்பு வடை 200, தேநீர் 400. மதியம் சோற்றுக் கடையில் 2,500. சூப்பும் பச்சைக் காய்களும் தொட்டுக்கொள்ள ஙப்பி என்கிற நொதித்த மீன் விழுதின் சாறும் விலையில்லாமல் வந்துவிடுவதால் அந்தக் கடையை மலிவானது என்றே அதுவரை நம்பியிருந்தேன். மாலையில் இன்னொரு தேநீர் 400. ஆக ஒரு நாளைக்கு 4,200 கியாட்; மாதத்தில் 22 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 92,400. கூட்டல் தப்பாக இருக்கக்கூடும் என்று இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். தொழில் பழக்கத்தால் அது சரியாகவே இருந்தது.

இனி வீட்டிலேயே சாப்பிட்டு, வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்ப் பணத்தை மிச்சம் பிடிப்பேன் என்று மறுநாள் காலை அறிவித்தபோது, கூடத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா மட்டும்தான் ஆட்சேபித்தாள். எங்கள் குடும்பத்தில் சேமிப்பு என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. 1952-இல் ரூபாய் போய்க் கியாட் வந்ததையே இன்னும் ஏற்றுக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ரூபாயிலேயே பேசுகிற அப்பத்தா, அதற்குப் பிறகு 1964-இல் ஐம்பதும் நூறும் செல்லாமல் போனதையும், 1985-இல் மறுபடியும் அதே ஐம்பதும் நூறும் செல்லாமல் போய் ஓரளவுக்கு மட்டும் மாற்றித் தந்ததையும், 1987 செப்டம்பரில் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் தாள்கள் ஒரே நாளில் ஈடு எதுவும் இல்லாமல் வெறும் காகிதமானதையும் பார்த்தவள். தாத்தா பால்மாவு டின்னில் சேர்த்து வைத்திருந்தவை அனைத்தும் எழுபத்தைந்து கியாட் தாள்கள். அதற்குப் பின் வந்த தாள்கள் நாற்பத்தைந்தும் தொண்ணூறும். இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள். அவற்றைக் கொடுத்து மீதிச் சில்லறை வாங்கிப் பழகிய சிறுவன் கணக்கப்பிள்ளையாகாமல் வேறு என்னவாக ஆகியிருக்க முடியும்?

“சேத்து வச்ச காசு அவுக காசு, தின்ன காசுதான்டா நம்ம காசு” என்றாள் அப்பத்தா. நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் மனைவி, திருமணச் சீராக வந்து பரணில் தூங்கிக்கொண்டிருந்த மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைத்தாள். பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு என்பது மட்டும் அவளுடைய நிபந்தனை.

காலை உணவுத் திட்டம் மூன்று நாட்கள் உயிரோடு இருந்தது. ஐந்தே முக்கால் மணிக்கு நான்கு இட்லிகளைச் சாப்பிட்டுவிட்டு, தாம்வேயில் எங்கள் தெரு முனையிலுள்ள தேநீர்க் கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். நான்காம் நாள் கடைக்கார பாய் வாசலுக்கே வந்து வழிமறித்தார். “தம்பி, உடம்புக்கு என்ன? சர்க்கரை என்கிறார்களே” என்று கேட்டார். சர்க்கரை இல்லை என்றதும் அவர் முகம் இன்னும் கவலையாகியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கைச்செலவுக்குத் தட்டுப்பாடு என்றால் தாராளமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். நோயாளி அல்ல என்றால் கடனாளி. தெருவில் மூன்றாவதாக ஒரு காரணத்துக்கு இடமே இருக்கவில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே போய் உட்கார வேண்டியதாயிற்று.

யாங்கோன் தேநீர்க் கடையின் பொருளாதாரத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேசை மேல் ஒரு கெண்டியில் இருக்கும் பால் சேர்க்காத வெறுந்தேநீர் இலவசம். எத்தனை கோப்பை குடித்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். நான் அதை மட்டும் நம்பித்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் கேட்காமலே கடைப் பையன் ஒரு தட்டில் சமோசாவும் இன்னொரு தட்டில் சீனர்களின் நீள எண்ணெய்ப் பலகாரமும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவான். தொடாமல் எழுந்தால் காசு இல்லை. எழும்போது குறைந்திருப்பதை எண்ணி அதற்கு மட்டும் வாங்கிக்கொள்வார்கள். சூடான சமோசாவைப் பார்த்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்து எழுந்து போகிற மனவுறுதி புத்த பிக்குகளுக்கு இருக்கலாம். அவர்களும் நண்பகலுக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டவர்களாக இருப்பார்கள். நான் இரண்டு சமோசாக்களைச் சாப்பிட்டேன். சமோசாவை மட்டும் தின்றுவிட்டு இலவசத் தேநீரைக் குடிப்பது அற்பத்தனமாகத் தோன்றியதால் பால் தேநீர் ஒன்றுக்கும் சொன்னேன். நான்கு இட்லிகளுக்கு மேல் 1,000 கியாட். அன்றிலிருந்து வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இதே கதைதான்.

மதிய உணவு இதைவிடச் சிக்கலாக முடிந்தது. எங்கள் அலுவலகத்தில் நான் ஒருவன்தான் தமிழன்; மற்றவர்கள் பர்மியர்கள். ‘தமின் சா பீபீலா’, அதாவது சோறு சாப்பிட்டாயிற்றா என்பதுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும் முறை. அந்த விஷயத்தில் அவர்களும் நாமும் ஒரே சாதி. நான் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்த வரையில், உள்ளே அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் பன்னிரண்டு மணிக்கு நான் என் கேரியரோடு மேசையின் ஒரு மூலையில் ஒதுங்க, அலுவலகப் பெண்களில் மூத்தவரான ஒருவர் அதைக் கையிலிருந்து வாங்கி மேசை நடுவில் வைத்து, அடுக்கடுக்காகப் பிரித்துப் பரப்பினார். அவரை எல்லோரும் ‘அமா’ என்றுதான் கூப்பிடுவோம். பர்மிய மொழியில் அது அக்கா என்று பொருள்படும். என் காதில் மட்டும் அது அம்மா என்றே விழுந்து தொலைப்பதால் அவர் செய்யும் எதையும் என்னால் தடுக்க முடிவதில்லை.

எல்லோருடைய கறிகளும் நடுவில். சோறு மட்டும் அவரவர் தட்டில். முதல் கரண்டியைக் கூட்டத்தில் வயதானவருக்குப் போடுவது மரியாதை என்பதால் அன்று நான் கொண்டுபோயிருந்த புளியோதரை முதலில் மேலாளர் தட்டுக்குப் போனது. பிறகு அமாவின் தட்டு, ஓட்டுநரின் தட்டு, காகிதம் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடும் இரண்டு பையன்களின் தட்டு. விரத மாதங்களில் அமாவும் இன்னும் சிலரும் இறைச்சியை விட்டிருந்தார்கள். அவர்களுக்கு வேர்க்கடலை போட்ட புளியோதரை வானத்திலிருந்து இறங்கியது போலிருந்தது. கேரியர் என்னிடம் திரும்பி வந்தபோது அடியில் ஒரு மிளகாய் வற்றலும் நான்கு கடலையும் இருந்தன. நான் பட்டினி கிடந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது; அவர்களுடைய முளைகட்டிய பட்டாணியும் தக்காளிச் சாலட்டும் வற்புறுத்தி வற்புறுத்தி என் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன. ஆனால் அடுத்த நாள் இதையே கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவர முடியுமா என்று அமா கேட்டார்.

இதை நான் வீட்டில் போய்ச் சொன்னது பெரும் பிழை. பதினோரு ஆண்டுகளாக என்னிடமிருந்து ‘ம்’ என்ற விமர்சனத்தை மட்டுமே பெற்றுவந்த சமையல், ஓர் அலுவலகமே கேட்டுச் சாப்பிடுகிற சமையலாகிவிட்டது. மறுநாளே புளி அரை வீசை, கடலை எண்ணெய் ஒரு வீசை என்று பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் கிலோ வந்து விழுங்கிவிட்ட வீசையை இங்கே சந்தைகளில் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஒரு வீசை என்பது 1.6 கிலோவுக்கும் சற்று மேல் என்பதைத் தூக்கிச் சுமந்தபோதுதான் உணர்ந்தேன். பத்து நாட்களுக்குள் மூன்றடுக்கு போதவில்லை என்று 18,000 கியாட்டுக்கு ஐந்தடுக்கு கேரியர் ஒன்று வீட்டுக்குள் வந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவது தனிக் கலை. எங்கள் பேருந்துகளில் 2017 முதல் நடத்துநர் இல்லாமல் போயிருந்த காலம் அது. ஓட்டுநருக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டியில் அப்போது 200 கியாட்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது, மீதி வராது. ஒரு கையில் குடை, ஒரு கையில் கேரியர், பற்களுக்கிடையே இருநூறு கியாட் என்று நான் ஏறிய ஒரு மழைநாளில், நான்காம் அடுக்கிலிருந்த சாம்பார் ஒரு பெரியவரின் லுங்கியில் இறங்கிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, இது எந்தக் கடைச் சாம்பார் என்று கேட்டார். அதற்கடுத்து வந்த இரண்டு மழைநாட்களில் நான் வாடகை வண்டி பிடித்தேன். பேரம் பேசி முடிந்த தொகை இரண்டு முறையும் 2,500. சோற்றுக் கடையின் விலைக்கு ஒரு கியாட் கூடவுமில்லை, குறையவுமில்லை.

மாத முடிவில் பேரேட்டைத் திறந்தேன். கூடுதல் மளிகை 61,000, தேநீர்க் கடைச் சபலம் 22,000, வாடகை வண்டி 5,000, கேரியர் 18,000. மொத்தம் 1,06,000 கியாட். சிக்கனம் தொடங்கியதிலிருந்து 13,600 அதிகமாகச் செலவழித்திருந்தேன். ஆனால் கணக்கப்பிள்ளையை அவ்வளவு எளிதில் தோற்கடித்துவிட முடியாது. கேரியர் என்பது செலவு அல்ல, அது மூலதனப் பொருள். ஐந்து ஆண்டுத் தேய்மானம் என்று பிரித்தால் மாதத்துக்கு 300 கியாட்தான். அப்படி எழுதிப் பார்த்தபோது செலவு 88,300-ஆகச் சுருங்கி, 4,100 கியாட் மிச்சம் என்று வந்தது. ஒரு மாதம் முழுவதும் பாடுபட்டதில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நூறு கியாட் குறைவு. தேய்மானக் கணக்கை என் மனைவி ஏற்க மறுத்துவிட்டாள்.

இனிப் பழையபடி கடைதான் என்று திங்கட்கிழமை நான் கைவீசிக்கொண்டு அலுவலகம் போனேன். மதியம் வெறுங்கையைப் பார்த்த அமா காரணத்தைத் துருவிக் கேட்டு, கணக்கு முழுவதையும் கறந்துவிட்டார். மாலை அலுவலகம் விடும்போது என் கையில் ஓர் உறையைத் திணித்தார். ஏழு பேருடைய பெயரும் பணமும் இருந்தன. பொட்டலம் ஒன்று 1,500 கியாட் என்று விலையையும் அவரே நிர்ணயித்திருந்தார். அடுத்த வாரத்திலிருந்து என் மனைவி வாழையிலையில் புளியோதரை கட்ட ஆரம்பித்தாள். கீழ்த்தளத்து அலுவலகமும் சேர்ந்துகொள்ள, ஏழு பன்னிரண்டாகி, பன்னிரண்டு பதினெட்டாகியது. வருகிற பணத்தைத் தாளாக வைத்திருக்கக் கூடாது என்று அப்பத்தா தலையிட்டு, மாதக் கடைசியில் என் மனைவியையே அழைத்துக்கொண்டு தங்கக் கடைக்குப் போகிறாள்.

எனக்கும் அன்றாடம் ஒரு பொட்டலம் உண்டு என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. ஒருநாள் கீழ்த்தளத்திலிருந்து ஒரு விருந்தாளிக்காக அவசரமாக ஒன்று கேட்டார்கள் என்று அமா அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, 1,500 கியாட்டைப் பத்திரமாக என் சட்டைப்பையில் வைத்தார். இன்னும் ஆயிரம் போட்டுக்கொண்டு நான் சோற்றுக் கடைக்குப் போனேன். இத்தனை நாளாக எங்கே போயிருந்தாய் என்று அங்கிருந்த அம்மாள் கேட்டுவிட்டு, சூப்பை இரண்டு கிண்ணமாக வைத்தார்.