நான்கையும் சேர்த்து மாற்றிய மாலை

தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். ராமை, அதாவது மெமரியை, மாற்றினால் ராமை மட்டும், மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினால் அதை மட்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். ஆபீஸில் ஷிஃப்ட்டில் டைப் அடிக்கும் ஒரு மேடத்தின் மெஷினில் மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. நான்கு விஷயங்களை ஒரே மாலையில் மாற்றினேன். தெரிந்தேதான் மாற்றினேன். ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டது. எதனால் நின்றது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மேனேஜர் அன்று காலையில் சொன்ன ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். “இவங்க உட்கார்ந்தா மட்டும்தான் இப்படி ஆகுது. அடுத்த ஷிஃப்ட்டுல ஒரு பிரச்சினையும் இல்லையே.” மேடம் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார். அவர் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு மேடம் என்னிடம் கேட்டார்: “நான் ஏதாவது தப்பாப் பண்றேனா தம்பி?”

“இல்ல மேடம், உங்களால இல்ல” என்றேன். யோசிக்கவே இல்லை.

அந்த நேரத்தில் என் கையில் என்ன இருந்தது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு வரிசையாக விழுந்திருந்தது, கூடவே 6008 என்ற பதிவும். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் போய்விட்டது என்பதைத்தான் இரண்டும் சொல்கின்றன. ஏன் போனது என்று சொல்வதில்லை. 41-ஐத் திறந்து உள்ளே பார்த்தால் பக்செக் கோடு, அதாவது விண்டோஸ் நொறுங்கியதற்கான காரண எண், பூஜ்யம். விண்டோஸ் நொறுங்கி நீலத்திரை வந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஓர் எண் இருந்திருக்கும், நொறுங்கிய நேரத்து நிலையைச் சேமித்துவைக்கும் மினிடம்ப் கோப்பும் இருந்திருக்கும். இரண்டும் இல்லை. நீலத்திரை வந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸில் முன்கூட்டியே அமைத்திருப்பார்கள், அதனால் அது கண்ணில் படாமலே போய்விடலாம். அந்த டிக்கை எடுத்துவிட்டும் பார்த்தேன். திரை நீலமாகவில்லை, நேரே கறுப்பானது.

ஆக, விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் போயிருக்கிறது, அல்லது ரீசெட் விழுந்திருக்கிறது. மேடம் எந்த பட்டனைக் கிளிக் செய்தார், எந்த ஃபைலைத் திறந்தார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அதை வைத்துத் தைரியமாகச் சொல்லலாம். மேனேஜர் மனதில் இருந்த குற்றச்சாட்டும் அதுதான். அந்த அளவுக்கு நான் சொன்னது சரி.

ஆனால் அதே பூஜ்யம் வேறு சிலவற்றுக்கும் பொருந்தும். கேபினெட் தரையில், மேசைக்கு அடியில், மேடத்தின் முழங்காலுக்கு நேராக இருந்தது. பவர் பட்டனை நான்கைந்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்தால் 41-க்குள் அதற்கென்று ஒரு நேரக்குறிப்பு பதிவாகும். இதில் அது இல்லை. ரீசெட் பட்டனுக்கு அப்படி எந்தத் தடயமும் கிடையாது. அந்தப் பட்டன் வேறு தேய்ந்துபோய், விரல் பட்டாலே உள்ளே போய்விட்டு மெதுவாகத்தான் வெளியே வந்தது. பின்னால் கரண்ட் வரும் வயரான பவர் கார்டும் சாக்கெட்டில் கொஞ்சம் ஆடியது. கார்டு ஆடி கரண்ட் போனால் மெஷின் அணைந்துதானே கிடக்கும், திரும்ப எப்படி வரும் என்று தோன்றலாம். மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில், கரண்ட் திரும்பினால் முன்பிருந்த நிலைக்கே வரும்படி வைத்திருந்தார்கள். அதனால் அதையும் தள்ள முடியவில்லை.

சூடு காரணமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். இந்த மெஷினில் வேகமும் குறையவில்லை, வெப்பமும் ஏறவில்லை. ராமை இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற சோதனையில் ஓடவிட்டேன், ஒரு பிழைகூட வரவில்லை.

எஸ்.எம்.பி.எஸ்.தான் குழப்பியது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. சில மில்லிசெகண்ட் நேரம் வோல்டேஜ் சரிந்து எழுந்தால் அது மீட்டருக்குத் தெரியாது. மதர்போர்டுக்குத் தெரியும்: ‘கரண்ட் சரியாக இருக்கிறது’ என்று எஸ்.எம்.பி.எஸ். அனுப்பும் பவர் குட் சிக்னல் விழுந்தால் அது உடனே ரீசெட் ஆகிவிடும். வெளியே கரண்ட் ஒரு கணம் தடுமாறினாலும் பதினைந்து, பதினாறு மில்லிசெகண்டாவது தாங்கும் அளவுக்கு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கெப்பாசிட்டரில் சேமிப்பு இருக்கும். பழசாகி வறண்ட கெப்பாசிட்டர் அவ்வளவு தாங்காது.

இங்கேதான் லேசர் பிரின்டர் வருகிறது. அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியிருந்தது. லேசர் பிரின்டரில் மைத்தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் சூடேறும்போது ஒரு நொடிக்குப் பெரிய கரண்டை இழுக்கும். பக்கத்து விளக்கு மங்குவதை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். பிரின்ட் எடுக்கும் வேலை முழுக்க மேடத்தின் ஷிஃப்ட்டில்தான். அடுத்த ஷிஃப்ட்டில் அந்த மெஷினில் என்ட்ரி போடுவார்கள், அவ்வளவுதான். ‘இவங்க உட்கார்ந்தா மட்டும்’ என்பதற்கு இது எவ்வளவு நல்ல விளக்கம்! அதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. காலையில் நான் சொன்ன வார்த்தை மதியத்தில் உண்மையாகிவிட்டதுபோல் இருந்தது.

உடனே பிரின்டரை மட்டும் வேறு பாயின்ட்டுக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்திருக்கலாம். பதில் தெரிந்திருக்கும். ஆனால் அது தவறான பதிலாக இருந்து, மறுநாள் மேடம் உட்கார்ந்திருக்கும்போது மெஷின் மறுபடி ரீஸ்டார்ட் ஆகியிருந்தால்? மேனேஜர் மறுபடி அதையே சொல்லியிருப்பார். ஒவ்வொன்றாகச் சோதிப்பது முறைதான். அந்தச் சோதனை நடக்கும் நாளெல்லாம் மேடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எப்போது திரை கறுக்குமோ என்று பயந்துகொண்டு டைப் அடிக்க வேண்டும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பிரின்டரைப் பிரித்தேன், எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினேன், ரீசெட் பட்டனின் வயரை மதர்போர்டிலிருந்து கழற்றினேன், இறுக்கமான பவர் கார்டு ஒன்றைச் செருகி கேபினெட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தேன்.

கேபினெட்டைத் தூக்கும்போது மேடம் கேட்டார்: “ஏன் தம்பி மேல வைக்கிறீங்க?”

“கீழ தூசி அதிகம் மேடம்.”

பொய் இல்லை. ஃபேனில் தூசி அடைத்துத்தான் இருந்தது. ஆனால் நான் தூக்கியதற்குக் காரணம் தூசி இல்லை. உங்கள் கால் பட்டிருக்கலாம் என்று அந்த நிமிடம் என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? கால் பட்டு ரீஸ்டார்ட் ஆகும் மெஷினை ஒருவரின் காலடியில் வைத்தது அவர் குற்றமா என்று எனக்குள் வாதாடுவேன். இல்லை என்றுதான் தோன்றும். அப்படியானால் அதையே அவரிடம் சொல்லியிருக்கலாமே, எதற்குத் தூசி என்று மறுகேள்வி வரும்.

ரிப்போர்ட்டில் “மின்வழங்கல் தொடர்பான பழுது, எஸ்.எம்.பி.எஸ். மாற்றப்பட்டது, பிரின்டர் தனி இணைப்பில்” என்று எழுதினேன். ரீசெட் வயரும் கேபினெட்டின் இடமும் அதில் இல்லை. மேனேஜர் படித்துவிட்டு, “ஓ, எஸ்.எம்.பி.எஸ்.தானா” என்றார். நான் திருத்தவில்லை. அப்புறம் அவர் மேடத்தை எதுவும் சொல்லவில்லை. அதற்காகத்தான் அப்படி எழுதினேன் என்று சொல்லிக்கொள்வேன். அதே சமயம் இப்படி ஒரு ரிப்போர்ட்டை என்னிடம் வேலை கற்கும் பையன் எழுதிக்கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கழற்றிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிறகு ஒரு பழைய டெஸ்ட் மெஷினில் மாட்டினேன். இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத, லோடே இல்லாத மெஷின் அது. அதில் ஓடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. லேசர் பிரின்டரோடு ஒரே போர்டில் அதைச் செருகிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அந்தப் பிரின்டர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. நான் இன்னும் எடுத்துவரவில்லை.