அப்பாவின் நெற்றியில் இருந்த ஊர்

அறுபது வருடங்களுக்கு மேலாகக் கர்நாடகத்து மேல்கோட்டையை நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கும் என் அப்பா, அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாச்சியார்கோவிலில் எங்கள் வீட்டுப் பெருமாள் அலமாரியில் நாமம் இட்டுக்கொள்ளும் திருமண் வைக்க ஒரு பெட்டி உண்டு. அதற்குள் இருக்கும் வெள்ளைக் கட்டி கும்பகோணத்துக் கடையில் வாங்கியதுதான். ஆனாலும் "மேல்கோட்டை மண்தானே?" என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்காமல் வாங்கமாட்டார். கடைக்காரரும் இரண்டு முறையும் "ஆமாம் சுவாமி" என்பார். அதைச் சோதித்துப் பார்க்க அப்பாவிடம் வழியில்லை. கடைக்காரரிடமும் இருந்திருக்காது என்பது என் நெடுநாள் சந்தேகம்.

இந்த மாசியில் மைசூரில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். அப்பாவுக்கு வயது 83, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. "கல்யாணம் முடிந்ததும் நீயாவது மேல்கோட்டைக்குப் போய்ச் சேவித்துவிட்டு வா. வரும்போது அந்த ஊரிலேயே ஒரு கட்டி மண் வாங்கிக்கொள்" என்றார். பிறகு வழக்கமான வேடிக்கையையும் சேர்த்துக்கொண்டார்: "பணிவாகக் கேள். நாம்தான் அவர்களுக்கு ஒரு கல் பாக்கி."

இந்தக் கல் விவகாரம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. பிரகலாதனின் மகன் விரோசனன், பாற்கடலில் பள்ளிகொண்டிருந்த பெருமாளின் கிரீடத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டான். கருடன் துரத்திப் போய்ச் சண்டையிட்டு மீட்டுக்கொண்டு பறந்து வரும்போது, கிரீடத்தின் உச்சியில் இருந்த நீலக்கல் கழன்று நாச்சியார்கோவில் பக்கம் விழுந்து மணிமுத்தாறாக ஓடியதாம். கல் இல்லாத கிரீடத்தைக் கருடன் கண்ணனுக்குச் சூட்ட, கண்ணன் அதைத் தான் ஆராதித்த ராமப்ரியன் என்ற மூர்த்திக்குச் சாற்றினான். அந்த ராமப்ரியன்தான் இன்று மேல்கோட்டையின் உற்சவர் செல்வப்பிள்ளை. அந்தக் கிரீடம்தான் வைரமுடி. எங்களுக்குக் கருடன் வேற்றூர்க்காரர் அல்லர். மார்கழியிலும் பங்குனியிலும் எங்கள் கல் கருடன் சன்னதியை விட்டுப் புறப்படும்போது நான்கு பேர் தூக்குவார்கள். வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று தோள்கள் கூடிக்கொண்டே போகும். அவ்வளவு கனமான ஆசாமி வழியில் ஒரு கல்லைத் தவறவிட்டதை நம்புவதில் எங்களுக்குச் சிரமம் இருந்ததில்லை.

மைசூரிலிருந்து மேல்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம் என்று மண்டியா மாவட்டத்துக் கரும்பு வயல்கள் வழியே பஸ் போகிறது. ஜக்கனஹள்ளியில் திரும்பியதும் நிலம் நிறம் மாறி, பாறையும் புதருமாக மேடேறுகிறது. பக்கத்து இருக்கைப் பெரியவர் நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும், "உங்கள் அம்மா எங்கள் ஊரில்தான் பிறந்தார்" என்றார். என் அம்மா பிறந்தது மன்னார்குடி. திருத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னது ஜெயலலிதாவை என்று புரிந்தது. 1948 இல் மேல்கோட்டையில் பிறந்தவர். நான் தலையாட்டியதும் பெரியவருக்குப் பரம திருப்தி.

தாமதமாகக் கிளம்பியதற்குத் தண்டனை காத்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். இனி மாலை நான்கு மணிக்குத்தான். பங்குனியில் வைரமுடி சேவையன்று இந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. மண்டியா மாவட்டக் கருவூலத்திலிருந்து கிரீடம் போலீஸ் காவலோடு ஊர்வலமாக வரும். இரவில் கருட வாகனத்தில் செல்வப்பிள்ளை அதைச் சூடிக்கொண்டு எழுந்தருள்வார். வெயில் படக்கூடாது என்று விடிவதற்குள் களைந்துவிடுவார்கள். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நான் போன செவ்வாய்க்கிழமையில் தெருவில் இருந்தவை ஓடு வேய்ந்த வீடுகள், திண்ணைகள், வெயிலில் காயும் வேட்டிகள், தெரு நடுவே படுத்திருந்த ஒரு பசு. அவ்வளவுதான். கன்னடக் கவிஞர் பு. தி. நரசிம்மாச்சார் 1905 இல் பிறந்த ஊர் இது. அவருடைய வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பகலைப் பார்த்தால், இங்கே பிறந்தவர்கள் கவிதை எழுதாமல் வேறென்ன செய்வார்கள் என்று தோன்றியது.

பசி. கோவிலுக்கு அருகே ஒரு சிறிய உணவுக்கடையில் புளியோகரே கிடைத்தது. நம் புளியோதரையின் அண்ணன். ஆனால் நிறம் கறுப்பு. வறுத்த எள்ளும் கொப்பரைத் துருவலும் முன்னால் வந்து நிற்கின்றன, பின்னால் வெல்லம் மெதுவாகத் தலைகாட்டுகிறது. என் நாக்கு தஞ்சாவூர் ஜில்லா நாக்கு. புளியோதரையில் இனிப்பு என்றால் முதல் கவளத்தில் முகம் சுளிக்கும். சுளித்தது. மூன்றாவது கவளத்தில் சமாதானமாகி, இரண்டாவது தொன்னை வாங்கும்போது கட்சி மாறியிருந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

கல்யாணி தீர்த்தத்தின் படிகளில் உட்கார்ந்து நேரம் போக்கினேன். சுற்றிலும் கல் மண்டபங்கள். பாதிக்குமேல் இறங்கியிருந்த பச்சைத் தண்ணீரில் மலையும் உச்சியில் நரசிம்மர் கோபுரமும் தலைகீழாக நின்றன. ராமானுஜர் இங்கே வந்த கதையை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சோழ நாட்டில் ஆபத்து என்று ஆனபோது காவியை விட்டு வெள்ளை உடுத்திக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டார். காடும் மலையும் கடந்து ஹொய்சள நாட்டுத் தொண்டனூரில் தங்கியிருந்தபோது கையிருப்புத் திருமண் தீர்ந்துபோனது. அன்றிரவு கனவில் பெருமாள், 'யதுகிரியில் புற்றுக்குள் இருக்கிறேன், மண்ணும் அங்கேயே இருக்கிறது' என்றாராம். யதுகிரி என்பது இந்த மேல்கோட்டைதான். தை மாதப் புனர்பூசத்தில் துளசிக்காட்டுப் புற்றைப் பால் விட்டுக் கரைத்துத் திருநாராயணனைக் கண்டார்கள். குளக்கரையில் வெள்ளை மண்ணும் கிடைத்தது. மரபுக் கணக்கின்படி அப்போது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். முழங்காலைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அந்தத் திருமண்தான். ஊரை விட்டு ஓடிவந்த முதியவருக்குத் தினசரி நெற்றிக்கு வேண்டிய ஒரு சிட்டிகை மண் இல்லை. அந்தச் சின்னக் குறை வழியாகத்தான் பெருமாளே வெளிப்படுகிறார்.

திருமண் விற்கும் வீட்டைக் கண்டுபிடிக்க அலைய வேண்டியிருக்கவில்லை. திண்ணையில் முறத்தில் கட்டிகளை அடுக்கிக் காயவைத்திருந்தார் ஒரு பாட்டி. நான் கன்னடத்தில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுத் தமிழில், "எந்த ஊர்?" என்றார். பல தலைமுறைகளாகக் கன்னட நாட்டில் இருந்தும் வீட்டுக்குள் தமிழை விடாத ஐயங்கார் குடும்பம். ரசத்தைச் சாத்தமுது என்றார்; பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றார்; இடையிடையே கன்னட வினைச்சொற்கள் நுழைந்து உரிமையோடு உட்கார்ந்துகொண்டன. வெட்டி வந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணலும் கல்லும் அடியில் தங்க விட்டு, மேலே தெளியும் பாலை மட்டும் வடித்து, படிந்ததைக் கையால் உருட்டி வெயிலில் வைப்பதாகச் சொன்னார். ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு சிறிய பொருளுக்கு அது கனமாக இருந்தது. பாட்டியின் விரல் பதிந்த நான்கு பள்ளங்கள் அதில் தெரிந்தன. கும்பகோணத்துக் கட்டிகளிலும் இப்படிப் பள்ளங்கள் இருக்கும், நான்தான் கவனித்ததில்லை. ஆறு கட்டிகள் வாங்கினேன். பேரம் பேசவில்லை.

நான்கு மணிக்குக் கோவில். சன்னதியில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். மூலவர் திருநாராயணன் நின்ற திருக்கோலம். அவரைச் சேவித்தபின் கண் தானாகக் கீழே இறங்கி உற்சவரிடம் நிற்கிறது. ஒருகாலத்தில் இந்த உற்சவர் ஊரில் இல்லை. கொள்ளையில் தில்லிக்குப் போய், சுல்தான் மகளின் விளையாட்டுப் பொம்மையாக இருந்தார் என்பது வரலாறு சொல்லும் முறை அல்ல, வைணவர்கள் சொல்லும் முறை. ராமானுஜர் தில்லிவரை போய் "செல்வப்பிள்ளாய் வாராய்" என்று கூப்பிட, சலங்கை ஒலிக்க வந்து மடியில் உட்கார்ந்ததாம். பிரிவு தாங்காமல் பின்னாலேயே வந்த அந்தப் பெண்ணும் பெருமாளோடு கலந்துவிட்டாள். அர்ச்சகர் தீபத்தைத் தாழ்த்தி உற்சவரின் திருவடியருகே காட்டினார். விரல் அளவில் ஒரு சிறிய உருவம். "பீபி நாச்சியார்" என்றார். அந்தத் தீப வெளிச்சம் அங்கே இரண்டு நொடி கூடுதலாக நின்றது.

செல்வப்பிள்ளையைக் காடு வழியே சுமந்து வர உதவியவர்கள், ஊர் தள்ளிவைத்திருந்த மக்கள். ராமானுஜர் அவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, திருவிழாவில் மூன்று நாள் கோவிலுக்குள் வரும் உரிமையைக் கொடுத்தார் என்பார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் மூன்று போக மீதி நாட்களில் அவர்கள் எங்கே நின்று சேவித்தார்கள் என்ற கேள்வி, அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வராமல் இருப்பதில்லை. அன்றும் வந்தது.

தீர்த்தம் சாதித்துச் சடாரி வைத்த அர்ச்சகர் ஊர் எது என்று கேட்டார். நாச்சியார்கோவில் என்றேன். கையில் இருந்த சடாரியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "அப்படியானால் கல் உங்களிடம்தான் இருக்கிறது. வைரமுடிக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள்" என்றார். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து இப்படிப் பிடிபடுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

பிராகாரத்தில் ராமானுஜர் சன்னதி. பன்னிரண்டு வருடங்கள் இருந்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்போது, பிரிய மனமில்லாத சீடர்களுக்காக விட்டுச்சென்ற திருமேனி. 'தமருகந்த திருமேனி' என்று பெயர்; தன்னைச் சேர்ந்தவர்கள் உகந்தது. கூப்பிய கைகள். கிளம்புகிறவர் கும்பிடுகிறாரா, இருப்பவர் கும்பிடுகிறாரா என்று சொல்ல முடியாத கைகள்.

வெயில் தாழ்ந்ததும் முன்னூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறி யோக நரசிம்மரிடம் போனேன். பாதி வழியில் ஒரு குரங்கு என் வாழைப்பழத்தைப் பொறுப்பேற்றுக்கொண்டது. பிரகலாதன் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் மூர்த்தி. முழங்கால்களைச் சுற்றி யோகப்பட்டை கட்டி அமர்ந்திருக்கிறார். இங்கே திப்பு சுல்தான் கொடுத்ததாகச் சொல்லும் ஒரு முரசும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுதும் ஒரு தாம்பாளத்தில் வைத்ததுபோல் இருக்கிறது: குளம், கோவில், முடிக்கப்படாமலே நின்றுவிட்ட ராயகோபுரத்தின் நெடிய தூண்கள். கிரீடத்தைத் திருடியவனின் அப்பா பிரதிஷ்டை செய்த பெருமாள் மேலே, கிரீடத்துக்குச் சொந்தக்காரர் கீழே. இரண்டு வீட்டாரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள்.

இறங்கி வரும்போது இருட்டிவிட்டது. அடிவாரத்துக்கு வந்ததும் கோவில் பக்கமிருந்து சேர்ந்து ஓதும் குரல்கள் கேட்டன. ஒரு வரியின் வால் மட்டும் காதில் விழுந்தது, தமிழ். மறுபடியும் உள்ளே போனேன். ஏழெட்டுப் பேர் கொண்ட கோஷ்டி, திருவாய்மொழி சேவித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஓர் இளைஞன் புத்தகத்தைப் பார்த்து ஓதினான். எட்டிப் பார்த்தேன், புத்தகம் கன்னட எழுத்தில் இருந்தது. இன்றைய கன்னடத்தில் ழகரத்துக்கு எழுத்து கிடையாது. ஆனால் அவன் வாயில் 'ஆழி'யும் 'ஏழுலகும்' நாக்கு மடிந்து சுத்தமாக வந்தன. சென்னையில் இருக்கும் என் பேத்திக்கு அது இன்னும் 'ஆலி'தான். சாற்றுமறை முடிந்து ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் உள்ளங்கையில் விழுந்தது. நெய் முழங்கை வரை வழிந்தது. அன்று இரவு ஒரு சத்திரத்தில் தங்கி, காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், ஆறு கட்டிகளில் நான்கு உடைந்து கல்யாணத்துப் பட்டு வேட்டி முழுக்க வெள்ளை. அப்பா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "உதறாதே, உதறாதே" என்று வேட்டியைத் தாம்பாளத்தில் வைத்துத் தூளைத் தட்டிச் சேர்த்துக்கொண்டார். முழுசாக இருந்த கட்டியை எடுத்து இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசினார். விரலால் தொட்டுக் குழைவு பார்த்தார். கண்ணாடி இல்லாமலே, கை நடுங்காமல், நாமம் இட்டுக்கொண்டார்.

"கும்பகோணத்துக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை" என்றார்.

பிறகு அர்ச்சகர் கல்லைக் கேட்டதைச் சொன்னேன். இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்து, பங்குனிப் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்.